சொந்த இன்புட் பெட்டியும் அதன் கணக்கில் வராத வேலைகளும்

ஆன்லைனில் டிக்கெட் எடுத்தாலும் மின்கட்டணம் கட்டினாலும் கடைசியில் வந்து நிற்கும் இடம் ஓடிபி திரை. பல தளங்களில் அது ஆறு தனித்தனிக் கட்டங்களாக இருக்கும். ஒரு இலக்கத்தைத் தட்டியதும் கர்சர் தானாக அடுத்த கட்டத்துக்குத் தாவும். டிசைனரின் திரையில் பார்க்கக் கச்சிதமாகத்தான் இருக்கிறது. ஆனால் எச்டிஎம்எல் மொழியில் ஆறு கட்ட ஓடிபி என்று ஒரு கன்ட்ரோல் கிடையாது. ஆறு சாதாரண இன்புட் பெட்டிகளை வரிசையாக வைத்து, ஆறும் சேர்ந்து ஒரே பெட்டி போல நடந்துகொள்ள டெவலப்பர் ஜாவாஸ்கிரிப்ட் எழுதியிருக்கிறார். இப்படி உருவாவதைத்தான் கஸ்டம் கன்ட்ரோல் என்கிறார்கள்.

அது எங்கே இடிக்கும் என்பது பயன்படுத்துகிறவர் கைக்குப் போன பிறகு தெரியும். குறுஞ்செய்தியிலிருந்து 048213 என்று காப்பி செய்து ஒட்டினால் முதல் கட்டத்தில் பூஜ்யம் மட்டும் விழும். மீதி ஐந்து இலக்கங்கள் காணாமல் போகும். மூன்றாவது இலக்கம் தப்பு என்று பேக்ஸ்பேஸ் அழுத்தினால், காலியான கட்டத்திலிருந்து முந்தைய கட்டத்துக்குப் போக வேண்டும் என்று யாராவது தனியாக எழுதியிருந்தால்தான் போகும். அதை எழுதியவர் விசை அழுத்தப்படும் நிகழ்வை நம்பியிருந்தால் ஆண்ட்ராய்டில் இன்னொரு சிக்கல்: பல கீபோர்டுகள் எந்த விசை என்று சொல்லாமல் எல்லாவற்றுக்கும் 229 என்ற ஒரே எண்ணைத் தருகின்றன. ஐபோனில் 2018-ல் வந்த ஐஓஎஸ் 12 முதல், பெட்டிக்கு ‘ஒன் டைம் கோடு’ என்று ஆட்டோகம்ப்ளீட் குறிப்பு கொடுத்திருந்தால் கீபோர்டுக்கு மேலே ஓடிபி எண் தானாக வந்து நிற்கும், ஒரு தட்டில் நிரப்பிவிடலாம். ஆனால் நிரப்ப வருவது ஆறு இலக்கங்கள், பெட்டியோ ஒரே இலக்கத்தை ஏற்கும். பார்வையற்றவர் ஸ்கிரீன் ரீடருடன் வந்தால் பெயரில்லாத ஆறு எடிட் பெட்டிகளின் அறிவிப்புதான் ஒன்றன்பின் ஒன்றாகக் காதில் விழும்.

இத்தனைக்கும் விடை எளிது. ஒரே ஒரு டெக்ஸ்ட் இன்புட் போதும். இன்புட்மோடு என்ற பண்பில் எண் கீபோர்டைக் கேட்டு, ஆட்டோகம்ப்ளீட் குறிப்பைச் சேர்த்து, நீளம் ஆறு என்று வைத்தால் வேலை முடிந்தது. எழுத்துக்கு எழுத்து இடைவெளியைக் கூட்டி, பின்னணியில் ஆறு கோடுகளைச் சிஎஸ்எஸ் வழியே வரைந்தால் டிசைனர் கேட்ட தோற்றமும் கிடைக்கும். நம்பர் வகை இன்புட் மட்டும் இங்கே கூடாது. ஓடிபி என்பது எண் அல்ல, இலக்கங்களின் வரிசை. எண்ணாக மாற்றியதும் 048213 என்பது 48213 ஆகி, முன்னால் இருக்கும் பூஜ்யம் போய்விடும்.

இந்த ஒரு திரையில் நடப்பதுதான் தேதிப் பெட்டி, டிராப்டவுன், நட்சத்திர மதிப்பீடு, தொகைப் பெட்டி என்று வலைப் படிவங்கள் முழுக்க நடக்கிறது. பிரவுசர் தரும் ஒரு சாதாரண இன்புட் பெட்டி சத்தமில்லாமல் எத்தனையோ வேலைகளைச் செய்கிறது. டேப் விசைக்கு நிற்கும், லேபிளைத் தட்டினால் ஃபோகஸ் வாங்கும், படிவம் அனுப்பப்படும்போது தன் மதிப்பைச் சேர்க்கும், ரீசெட் செய்தால் பழைய நிலைக்குப் போகும், முடக்கினால் அடங்கும், பேக் பட்டனில் திரும்பி வந்தால் தட்டியதை நினைவில் வைத்திருக்கும், ஸ்கிரீன் ரீடரிடம் தன் பெயரையும் வகையையும் நிலையையும் சொல்லும். சொந்தமாக ஒரு பெட்டி கட்டுகிறவர் இவை அத்தனையையும் தன் தலையில் ஏற்றுக்கொள்கிறார். ஆங்குலர், ரியாக்ட், வியூ, ஜாங்கோ என்று எந்த ஃப்ரேம்வொர்க்கை எடுத்தாலும் இந்தப் பட்டியலில் ஒரு பகுதியைத்தான் அது ஒப்பந்தமாக எழுதி வைத்திருக்கிறது. எழுதப்படாத பகுதியில்தான் பெரும்பாலான கஸ்டம் கன்ட்ரோல்கள் தோற்கின்றன.

அப்படியும் ஏன் கட்டுகிறார்கள்? 1995 நவம்பரில் வெளியான எச்டிஎம்எல் 2.0 இன்புட், செலக்ட், டெக்ஸ்ட்ஏரியா மூன்றையும் முறைப்படுத்தியது. 1997 டிசம்பரில் வந்த 4.0 லேபிள், ஃபீல்ட்செட், பட்டன் ஆகியவற்றைச் சேர்த்தது. அதற்குப் பிறகு பெரிய வரவு 2014-ல் டபிள்யூ3சி பரிந்துரையான எச்டிஎம்எல்5 தந்த தேதி, நிறம், ரேஞ்ச் வகைகள். அவையும் எல்லா இடத்திலும் உடனே வேலை செய்யவில்லை. தேதி வகை ஃபயர்ஃபாக்ஸுக்கு 2017-ன் பதிப்பு 57-லும், மேக் கணினியின் சஃபாரிக்கு 2021-ன் 14.1-லும்தான் வந்தது. வேலையால் அதற்காகக் காத்திருக்க முடியவில்லை. 2007-ல் வந்த ஜேகுவெரி யூஐ-யின் காலண்டர் உலகம் முழுக்கப் பரவியது இந்த இடைவெளியில்தான். செலக்ட் பெட்டியின் கதை வேறு: அது எப்போதும் இருந்தது, ஆனால் திறந்தால் வரும் பட்டியலின் தோற்றத்தை மாற்ற வழியே இருக்கவில்லை. நிறத்துக்காகவும் எழுத்துருவுக்காகவும் அதைத் தூக்கி எறிந்துவிட்டு டிவ் டேகுகளால் டிராப்டவுன் கட்டிய தளங்களுக்குக் கணக்கில்லை.

சர்வரில் பக்கம் தயாரிக்கும் ஃப்ரேம்வொர்க்குகள் இந்தப் பிரச்சினையை வேறு முனையிலிருந்து சந்தித்தன. அங்கே கன்ட்ரோல் என்பது இரண்டு மொழிபெயர்ப்புகள்: மதிப்பை எச்டிஎம்எல் ஆக்குவது, திரும்பி வரும் படிவத் தரவை மீண்டும் மதிப்பாக்குவது. 2005-ல் வெளியான ஜாங்கோவில் இதை விட்ஜெட் என்ற கிளாஸ் செய்கிறது. ஒரு மதிப்பைப் பல பெட்டிகளாகப் பிரிக்க வேண்டுமானால் மல்டி விட்ஜெட் இருக்கிறது. அதில் டீகம்ப்ரஸ் என்ற மெத்தட் மதிப்பைத் துண்டுகளாக்கும், கூடவே வரும் மல்டி வேல்யூ ஃபீல்டின் கம்ப்ரஸ் துண்டுகளைச் சேர்க்கும்.

ஜாங்கோவின் தேதித் தேர்வு விட்ஜெட்டில் ஒரு நல்ல பாடம் இருக்கிறது. நாள், மாதம், ஆண்டு என்று மூன்று டிராப்டவுன்கள். ஒருவர் பிப்ரவரி 31 என்று தேர்ந்தெடுத்தால் அப்படி ஒரு தேதியே இல்லை என்று விட்ஜெட் மதிப்பைக் கைவிட்டுவிடுவதில்லை. அந்த மூன்று எண்களையும் தேதி போன்ற ஒரு சரமாகக் கோத்து அனுப்புகிறது. சோதனையில் அது தோற்று, பிழைச் செய்தியுடன் பக்கம் திரும்பி வரும்போது அவர் தேர்ந்தெடுத்த மூன்றும் அப்படியே இருக்கும், தப்பானதை மட்டும் மாற்றினால் போதும். தவறான உள்ளீட்டையும் பத்திரமாக வைத்திருப்பது கன்ட்ரோலின் கடமை என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் உதாரணம் அதிகம் இல்லை. செக்பாக்ஸ் இன்னொரு பழைய தலைவலி. டிக் செய்யாத செக்பாக்ஸ் படிவத் தரவில் வரவே வராது. அதனால் ரெயில்ஸ் என்ற ஃப்ரேம்வொர்க் அதே பெயரில் மறைவான இன்புட் ஒன்றைப் பூஜ்ய மதிப்புடன் முன்னால் வைக்கிறது.

ஒற்றைப் பக்க செயலிகள் பெருகியதும் ஒப்பந்தம் பிரவுசருக்குள் வந்தது. அதை மிகத் தெளிவாக எழுதி வைத்திருப்பது 2016 செப்டம்பரில் வெளியான ஆங்குலர் 2-ன் வழி வந்த ‘கன்ட்ரோல் வேல்யூ ஆக்சசர்’ என்ற இன்டர்ஃபேஸ். அதில் நான்கே மெத்தட்கள். ‘ரைட் வேல்யூ’ வழியாகப் படிவம் கன்ட்ரோலுக்கு மதிப்பைத் தருகிறது. ‘ரெஜிஸ்டர் ஆன் சேஞ்ச்’ வழியாக, மதிப்பு மாறினால் கூப்பிட வேண்டிய ஃபங்ஷனை ஒப்படைக்கிறது. ‘ரெஜிஸ்டர் ஆன் டச்டு’ பயனர் பெட்டியை விட்டு வெளியேறியதைச் சொல்ல. ‘செட் டிசேபிள்டு ஸ்டேட்’ முடக்குவதற்கும் திறப்பதற்கும், இது கட்டாயமில்லை. பார்த்தால் அரை மணி நேர வேலை என்று தோன்றும்.

வீட்டுக் கடன் விண்ணப்பத்துக்கான தொகைப் பெட்டி ஒன்றை இந்த நான்கு மெத்தட்களில் கட்டிப் பார்த்தால் உண்மை தெரியும். நம்பர் வகை இன்புட் லட்சக் கணக்கில் காற்புள்ளி போட்டுக் காட்டாது என்பதால் இந்தியச் செயலிகளில் இப்படி ஒரு பெட்டி அடிக்கடி தேவைப்படுகிறது. படிவத்துக்குள் இருக்க வேண்டியது 1250000 என்ற எண். திரையில் தெரிய வேண்டியது 12,50,000 என்ற சரம். எண்ணைச் சரமாக்க ஜாவாஸ்கிரிப்டின் இன்ட்ல் நம்பர் ஃபார்மட்டில் இந்திய வட்டாரத்தைக் கொடுத்தால் போதும், லட்சமும் கோடியும் சரியான இடத்தில் பிரியும்.

முதல் அடி விழுவது ரைட் வேல்யூவில். அதற்கு எப்போதும் எண்தான் வரும் என்று எழுதுகிறார்கள். படிவத்தை ரீசெட் செய்தால் வருவது ‘நல்’, அதாவது மதிப்பே இல்லை என்ற குறி. அதை எண்ணாக நினைத்துக் கையாண்டால் காலியாக இருக்க வேண்டிய பெட்டியில் பூஜ்யமோ பொருளற்ற எழுத்துகளோ தெரியும். இரண்டாவது, ரைட் வேல்யூவுக்குள்ளேயே ‘மதிப்பு மாறிவிட்டது’ என்று படிவத்தைத் திரும்பக் கூப்பிடுவது. ஆங்குலர் அதைப் பயனரின் செயலாகவே எடுத்துக்கொண்டு அந்த ஃபீல்டை ‘டர்ட்டி’ என்று குறித்துவிடும். விண்ணப்பத்தைத் திறந்து பார்த்துவிட்டு ஒன்றும் தொடாமல் வெளியேறுகிறவருக்கு, மாற்றங்களைச் சேமிக்கவில்லை என்று எச்சரிக்கை வருவதன் காரணம் பல நேரம் இதுதான். மூன்றாவது, டச்டு ஃபங்ஷனை மறந்துவிடுவது. பெட்டியை விட்டு வெளியேறிய பிறகே பிழைச் செய்தியைக் காட்டுவது ஆங்குலர் படிவங்களின் வழக்கம் என்பதால், அந்தப் பெட்டி மட்டும் தப்பான தொகையுடன் பேசாமல் இருக்கும். முடக்கும் மெத்தடிலும் ஒரு மாற்றம் நடந்தது. 2022-ல் வந்த பதிப்பு 15-லிருந்து, கன்ட்ரோல் படிவத்தில் இணையும்போதெல்லாம், முடக்கப்படாத நிலையிலும், அந்த மெத்தட் கூப்பிடப்படுகிறது. அதற்கு முன் எழுதப்பட்டவை, அது வந்தாலே முடக்கச் சொல்கிறார்கள் என்று எண்ணியிருந்தால் உடைந்திருக்கும்.

இவை எல்லாம் ஒப்பந்தத்தில் இருப்பவை. இல்லாதவை இன்னும் கடினம். தட்டத் தட்டக் காற்புள்ளி போட்டுக் காட்டினால் பார்க்க அழகு. ஆனால் ஒருவர் 12,50,000-ல் நடுவில் இருக்கும் ஐந்தை மாற்றப் போகிறார். அழித்ததும் சரம் புதிதாக எழுதப்பட்டு கர்சர் கடைசிக்கு ஓடிவிடுகிறது. அடுத்த இலக்கம் கடைசியில் போய் விழுகிறது. கர்சருக்கு இடப்பக்கம் எத்தனை இலக்கங்கள் இருந்தன என்று எண்ணி வைத்து, எழுதிய பிறகு அதே இடத்தில் நிறுத்தலாம். அதைவிட நல்ல வழி, தட்டும்போது எண்ணை அப்படியே விட்டுவிட்டுப் பெட்டியை விட்டு வெளியேறும்போது மட்டும் காற்புள்ளி போடுவது. பயனர் எழுதிக்கொண்டிருக்கும்போது அவர் எழுத்தைத் தொடாமல் இருப்பது எல்லா கஸ்டம் கன்ட்ரோல்களுக்கும் பொருந்தும்.

ஒட்டும்போது நேரும் தவறு பணத்தோடு விளையாடும். வங்கி ஸ்டேட்மென்டிலிருந்து ₹12,50,000.00 என்று காப்பி செய்து ஒட்டுகிறார் ஒருவர். இலக்கம் அல்லாத எல்லாவற்றையும் நீக்கு என்று ஒரே வரியில் எழுதியிருந்தால் ரூபாய்க் குறியோடும் காற்புள்ளியோடும் சேர்ந்து புள்ளியும் போய்விடும். மிஞ்சுவது 125000000. பன்னிரண்டரை லட்சம் பன்னிரண்டரை கோடி ஆகிவிட்டது, எந்தப் பிழைச் செய்தியும் இல்லாமல்.

ஆங்குலர் மெட்டீரியல் என்ற கூறுத் தொகுப்பின் வழிகாட்டியில் ஒரு பெயர்பெற்ற உதாரணம் உண்டு: அமெரிக்கத் தொலைபேசி எண்ணை மூன்று பெட்டிகளில் வாங்கும் கன்ட்ரோல். அதை மெட்டீரியலின் ஃபார்ம் ஃபீல்டுக்குள் பொருத்த வேண்டுமானால் முன் சொன்ன நான்கு மெத்தட்கள் போதாது. மதிப்பு, ஐடி, பிளேஸ்ஹோல்டர், ஃபோகஸில் இருக்கிறதா, காலியா, லேபிள் மேலே மிதக்க வேண்டுமா, கட்டாயமா, முடக்கப்பட்டதா, பிழை நிலையா, விளக்கக் குறிப்புகளின் ஐடிகள் எவை, சுற்றியுள்ள பெட்டியைத் தட்டினால் என்ன செய்வது என்று நீளும் இன்னொரு இன்டர்ஃபேஸ். இதைப் பார்த்து மலைக்கிறவர்கள் உண்டு. ஆனால் இதுதான் நேர்மையான பட்டியல். பிரவுசரின் பெட்டி பேசாமல் செய்து வந்த வேலைகளில் கணிசமானவை இங்கே பெயரோடு வந்துவிடுகின்றன.

2013-ல் வெளியான ரியாக்ட் இப்படிப் பட்டியல் எதையும் தருவதில்லை. வேல்யூ ஒரு ப்ராப், ஆன்சேஞ்ச் ஒரு ப்ராப், மற்றதெல்லாம் எழுதுகிறவர் வழக்கம். எழுதுவது சுலபம் என்பதாலேயே விடுபடுவதும் சுலபம். ஸ்டேட்டில் மதிப்பை வைத்திருக்கும் கூறுக்குப் படிவத்தின் ரீசெட் காதில் விழாது. பிழை வந்தால் அந்தப் பெட்டிக்கு ஃபோகஸ் கொண்டுபோக வேண்டிய ரியாக்ட் ஹுக் ஃபார்ம் போன்ற நூலகங்களுக்கு அதைச் சுட்டும் ரெஃப் தேவை. முன்பு அதற்குத் தனியாக ஃபார்வர்ட் ரெஃப் எழுத வேண்டியிருந்தது. 2024 டிசம்பரில் வந்த ரியாக்ட் 19-ல் ரெஃப் சாதாரண ப்ராப் ஆனதால் அந்தச் சடங்கு போயிற்று. வியூ இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அதன் வி-மாடல் பதிப்பு 2-ல் வேல்யூ ப்ராப்பையும் இன்புட் நிகழ்வையும் எதிர்பார்த்தது. 2020-ன் பதிப்பு 3-ல் பெயர்கள் மாறின. 2023 டிசம்பரின் 3.4-ல் டிஃபைன்மாடல் நிலைபெற்ற பிறகு ஒரே வரியில் இருவழி இணைப்பு கிடைக்கிறது. இணைப்பு சுருங்கச் சுருங்க, இணைப்பு மட்டும்தான் வேலை என்ற எண்ணமும் வளர்கிறது என்பது கவலைக்குரியது.

ஒப்பந்தத்துக்கு வெளியே இருப்பவற்றில் அதிகம் அடிபடுவது அணுகல். வெப்எய்ம் என்ற அமெரிக்க அமைப்பு 2019 முதல் ஆண்டுதோறும் பத்து லட்சம் முகப்புப் பக்கங்களைச் சோதிக்கிறது. 2024-ல் 48.6 சதவீதப் பக்கங்களில் லேபிள் இல்லாத இன்புட் இருந்தது. அந்த ஆய்வில் திரும்பத் திரும்பத் தெரியும் இன்னொரு செய்தி, ஸ்கிரீன் ரீடருக்கான வை-ஏரியா பண்புகளைப் பயன்படுத்திய பக்கங்களில் சராசரிப் பிழைகள் அதிகம் என்பது. ஏரியாதான் பிழைக்குக் காரணம் என்று இதிலிருந்து சொல்ல முடியாது. சிக்கலான பக்கங்கள்தான் அதை அதிகம் நாடுகின்றன. ஆனாலும் டிவ் ஒன்றுக்கு பட்டன் என்று பண்பு எழுதிவிட்டால் அது பட்டன் ஆகிவிடாது. ஏரியா ஸ்கிரீன் ரீடருக்குச் செய்தி சொல்லுமே தவிர, என்டருக்கும் ஸ்பேஸ் பாருக்கும் பதில் சொல்லும் வேலையை யாராவது எழுத வேண்டும்.

இதில் கடினமானது காம்போபாக்ஸ், அதாவது தட்டினால் பட்டியல் சுருங்கும் பெட்டி. எப்படி எழுதுவது என்ற விதியே இரண்டு முறை மாறியது. 2014-ன் ஏரியா 1.0 இன்புட்டுக்கே காம்போபாக்ஸ் என்று பெயர் கொடுத்தது, 2017-ன் 1.1 அதைச் சுற்றியுள்ள உறைக்கு மாற்றியது, 2023-ன் 1.2 மீண்டும் இன்புட்டுக்கே கொண்டுவந்தது. இடையில் நம்பி எழுதியவர்கள் எல்லோரும் திரும்ப எழுத வேண்டியதாயிற்று. கீபோர்டில் கீழ் அம்பு பட்டியலுக்குள் இறங்க வேண்டும், எஸ்கேப் மூட வேண்டும், கண்ணுக்குத் தெரியும் தேர்வு மாறினாலும் ஃபோகஸ் இன்புட்டிலேயே நிற்க வேண்டும், எத்தனை பொருத்தங்கள் கிடைத்தன என்று காதுக்குச் சொல்ல வேண்டும். பிரிட்டன் அரசின் டிஜிட்டல் குழு வெளியிட்ட ஆட்டோகம்ப்ளீட் கூறு, பக்கத்தில் ஏற்கெனவே இருக்கும் செலக்ட் பெட்டியை எடுத்து அதன் மேல் ஏறும் வசதியைத் தருகிறது. ஸ்கிரிப்ட் வந்து சேராவிட்டால் செலக்ட் அப்படியே வேலை செய்யும்.

அதே குழு பிறந்த தேதிக்கு காலண்டர் வைப்பதில்லை. நாள், மாதம், ஆண்டுக்கு மூன்று சாதாரணப் பெட்டிகள்தான். தன் பிறந்தநாள் தெரிந்தவருக்கு அதைத் தட்டுவதுதான் வேகம். நாற்பது ஆண்டுகளைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டு போகும் காலண்டர் தண்டனை. நம்பர் வகை இன்புட்டையும் அவர்கள் 2020-ல் கைவிட்டார்கள். மவுஸ் சக்கரம் உருண்டால் எண் தெரியாமல் மாறுவது காரணங்களில் ஒன்று. கஸ்டம் கன்ட்ரோல் கட்டுவதற்கு முன் கேள்வியையே மாற்ற முடியுமா என்று பார்ப்பதற்கு இது நல்ல முன்மாதிரி. நட்சத்திர மதிப்பீடு ஐந்து ரேடியோ பட்டன்களாக இருந்தால் அம்பு விசைகளும் லேபிளும் இலவசமாகக் கிடைக்கும். நட்சத்திரத்தைச் சிஎஸ்எஸ் வரைந்துகொள்ளும்.

பிரவுசர்களும் இந்த இடைவெளியைக் கவனிக்காமல் இல்லை. வெப் காம்பொனென்ட்ஸ் வந்தபோது ஷேடோ டாமுக்குள் இருக்கும் இன்புட் வெளியே உள்ள படிவத்தின் கண்ணில் படாமல் போயிற்று. அதற்கு மருந்தாக வந்ததுதான் படிவத்தோடு இணையும் கஸ்டம் எலிமென்ட்: கிளாஸில் ‘ஃபார்ம் அசோசியேட்டட்’ என்று ஒரு வரி எழுதி, அட்டாச் இன்டர்னல்ஸ் கூப்பிட்டால், மதிப்பைப் படிவத்தில் சேர்க்கவும், சரியா தப்பா என்று பிரவுசரிடமே அறிவிக்கவும் வழி கிடைக்கும். ரீசெட், முடக்கம், பழைய நிலையை மீட்பது ஆகியவற்றுக்கும் தனித்தனி அழைப்புகள் வரும். குரோம் இதை 2019-ன் பதிப்பு 77-லும், ஃபயர்ஃபாக்ஸ் 2022-ன் 98-லும், சஃபாரி 2023-ன் 16.4-லும் தந்தன. ஆங்குலரின் நான்கு மெத்தட்களைவிட இது முழுமையானது, எந்த ஃப்ரேம்வொர்க்குக்கும் பொது.

தோற்றத்துக்காக டிராப்டவுனைக் கட்டும் காலமும் முடியத் தொடங்கியிருக்கிறது. 2025 ஏப்ரலில் வந்த குரோம் 135-ல் செலக்ட் பெட்டியின் தோற்றத்தை ‘பேஸ் செலக்ட்’ என்று மாற்றினால், பட்டனிலிருந்து பட்டியல் வரை எல்லாவற்றையும் சிஎஸ்எஸ் வழியே வடிவமைக்கலாம், படமும் வைக்கலாம். இதைப் புரிந்துகொள்ளாத பிரவுசரில் பழைய செலக்ட் தெரியும், படிவம் கெடாது. ஆங்குலரும் 2025 நவம்பரில் பதிப்பு 21-ல் சிக்னல் ஃபார்ம்ஸை சோதனை நிலையில் வெளியிட்டது. கஸ்டம் கன்ட்ரோலுக்கு அங்கே கட்டாயமாக வேண்டியது வேல்யூ என்ற ஒரு சிக்னல். பத்தாண்டுகளாகக் காப்பி செய்யப்பட்டு வந்த நான்கு மெத்தட்களின் வழக்கம் இதனால் குறையலாம். தேதி வரம்புக்கும், தேடிப் பல தேர்வு செய்யும் பெட்டிக்கும் இன்றுவரை பிரவுசரில் சொந்தமாக ஒன்று இல்லை.

தமிழில் தட்டுகிறவருக்கு இன்னும் சில பரீட்சைகள் பாக்கி. கணினியிலும் போனிலும் தமிழ் எழுத்து பெரும்பாலும் பல தட்டல்கள் சேர்ந்து உருவாகிறது. முடியும் வரை அது கம்போசிஷன் நிலையில் இருக்கும். ஆங்குலரின் சாதாரண இன்புட் இணைப்பு டெஸ்க்டாப்பில் கம்போசிஷன் முடியும் வரை காத்திருக்கும், ஆண்ட்ராய்டில் காத்திருக்காது, ஏனென்றால் அங்கே பல கீபோர்டுகள் ஆங்கிலத்துக்கே கம்போசிஷனில்தான் இயங்குகின்றன. வியூவின் வி-மாடலும் காத்திருக்கும். சொந்தமாக இன்புட் நிகழ்வைப் பிடித்து ஒவ்வொரு தட்டலுக்கும் சரத்தைத் திருத்தி எழுதும் கன்ட்ரோல், பாதி உருவான எழுத்தை உடைத்துவிடும்.

நீளக் கணக்கும் ஏமாற்றும். மேக்ஸ்லெங்த் எண்ணுவது யுடிஎஃப்-16 அலகுகளை. மீனாட்சிசுந்தரம் என்ற பெயரில் எழுத்துகள் 9, அலகுகள் 16. பெயருக்கு 15 என்று வரம்பு வைத்த பெட்டியில் கடைசிப் புள்ளி விழாமல், மகர ஒற்று மகர உயிர்மெய்யாக நின்றுவிடும். பயனருக்கு ‘மீதி இத்தனை எழுத்து’ என்று காட்ட வேண்டுமானால் இன்ட்ல் செக்மென்டரைக் கேட்க வேண்டும். 2024 ஏப்ரலில் ஃபயர்ஃபாக்ஸ் 125 வந்த பிறகு எல்லா முக்கிய பிரவுசர்களிலும் அது கிடைக்கிறது. பெயர்ப் பெட்டியின் சோதனை வடிவத்திலும் கவனம் வேண்டும். யூனிகோடின் ‘எழுத்து’ வகையை மட்டும் அனுமதித்தால் குமார் என்ற பெயர் தப்பு என்று வரும், ஏனென்றால் உகரக் குறியும் கால் குறியும் புள்ளியும் ‘குறி’ வகையைச் சேர்ந்தவை. இரண்டு வகைகளையும், கூடவே இனிஷியலுக்கான புள்ளியையும் இடைவெளியையும் அனுமதிக்க வேண்டும்.

தமிழ்நாட்டின் 38 மாவட்டங்களைத் தேடித் தேர்ந்தெடுக்கும் பெட்டியை எடுத்துக்கொண்டால், கோயம்புத்தூரின் ‘கோ’ யூனிகோடில் இரண்டு விதமாக அமையலாம்: ககரத்தோடு ஓகாரக் குறி ஒன்றாக, அல்லது ககரத்தோடு ஏகாரக் குறியும் கால் குறியும் தனித்தனியாக. திரையில் இரண்டும் ஒன்றுதான். பட்டியலில் ஒன்றும் தட்டியதில் மற்றொன்றும் இருந்தால் பொருத்தம் இல்லை என்று வரும். ஒப்பிடுவதற்கு முன் இரண்டு சரங்களையும் நார்மலைஸ் செய்தால் இது தீரும். ஔகாரக் குறிக்குப் பதிலாக எகரக் குறியும் ளகரமும் தட்டுகிற பழக்கத்தை அதனால் தீர்க்க முடியாது. அதற்கு டெவலப்பரே ஒரு விதி எழுத வேண்டும். கோவை என்று தட்டுகிறவருக்கு கோயம்புத்தூரும், நெல்லை என்று தட்டுகிறவருக்குத் திருநெல்வேலியும், தஞ்சை என்று தட்டுகிறவருக்குத் தஞ்சாவூரும் வர வேண்டுமானால் ஒவ்வொரு மாவட்டத்தோடும் மாற்றுப் பெயர்களின் பட்டியல் ஒன்று தரவிலேயே இருக்க வேண்டும்.